மோஹிரா இரண்டு முறை போனாள்

மோஹிராவை வழியனுப்ப ஆடு அறுத்த அன்று மாலை நாங்கள் ஆளாளுக்கு மனம் திறந்து பேசினோம். மறுநாளும் அவள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒருவரும் அப்படிப் பேசியிருக்க மாட்டோம்.

நாரின் ஆற்றின் தலைமாட்டில், பனிமலைக்குக் கீழே, ஒரு ஆய்வு நிலையத்தில் அப்போது எனக்கு வேலை. காற்று, குளிர், மழை எல்லாவற்றையும் கருவிகளில் பார்த்துக் குறித்துவைப்பவள் நான். நிலையத்தில் இருந்தது நாலே பேர். தலைவர் சகின்பெக், சமையல்காரி புர்மாகான், ஜீப் ஓட்டும் மெலிஸ், அனார்குல் என்கிற நான். உஸ்பெக் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் நடுவே மூடிக்கிடந்த எல்லை திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோடையில்தான் உஸ்பெக் பக்கத்து ஊரான நமங்கானிலிருந்து மோஹிரா வந்தாள். மலையில் பனி எவ்வளவு உருகுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. பனியில் துளை போட்டு நீளக் கம்புகளை நட்டுவிட்டு வருவாள். பிறகு வாராவாரம் ஏறிப் போய், கம்பு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளப்பாள். எங்கள் ஆறுதான் மலையெல்லாம் இறங்கி அவள் ஊர்ப் பருத்திக் காட்டுக்குப் போகிறது.

"நாம துணி அலசி விட்ட தண்ணியக் குடிச்சு வளந்த பொண்ணு," என்றாள் புர்மாகான், வந்த அன்றே, அவள் காதுபட.

"எங்க ஊர் டீ ஏன் நுரைக்குதுன்னு இப்பதான் ஓபா புரியுது," என்றாள் மோஹிரா.

அவர்கள் மொழியில் அக்காவுக்கு ஓபா. எங்கள் மொழியில் எஜே, அண்ணனுக்குப் பைகே. இரண்டு மொழிகளும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரிதான், பாதி புரியும், மீதிக்குச் சண்டை போடலாம். புர்மாகானும் அவளும் கோடை முழுக்கச் சண்டை போட்டார்கள். "இது சாப்பாடா, குருவி கொத்தினதா?" என்று புர்மாகான் கேட்பாள். "குருவிக்கு இவ்வளவு கொழுப்பு போட்டா பறக்குமா?" என்று மோஹிரா கேட்பாள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸை மட்டும் மோஹிரா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, நாங்கள் சாப்பிடும் கூடாரத்துக்குப் பின்னால் போய்விடுவாள். வெட்கம், மறைவில் குடிக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் விருந்து நடந்தது. பெண் விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் வால்பக்கத்து எலும்பை அவள் தட்டில் வைத்தோம். பிறகு வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து பேசினோம். சகின்பெக் முதலில். அறிவியல், நட்பு, நதிகள் பிரிக்காது இணைக்கும் என்று அவர் பேசியது இரண்டே நாள் தங்கிவிட்டுப் போன விருந்தாளிக்கும் பேசிய அதே பேச்சு. ஒரு சொல் மாறவில்லை. மெலிஸ் அது முடியும் இடம் தெரிந்து, அதற்குச் சற்று முன்பே கைதட்டினான்.

அடுத்து புர்மாகான் எழுந்தாள். கையில் டீக் கிண்ணம். ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று நாங்கள் சிரிக்கத் தயாராக இருந்தோம்.

"எம் பொண்ணு மாஸ்கோவுல இருக்கா," என்றாள். "அவ மொகத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு. நானும் கூப்பிடறதில்ல, அவளும் கூப்பிடறதில்ல. ஏதோ கோவம், என்ன கோவம்னே மறந்துபோச்சு. இந்தக் கோடையில எனக்கு அந்தப் பசி தெரியல. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த எலும்பை எடுத்து மும்முரமாகச் சுரண்ட ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மெலிஸ் எழுந்தான். முப்பது வயது. ஜீப்பின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் நோகிறது என்று சொல்வானே தவிர, மனிதர்களோடு அதிகம் பேசமாட்டான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"இன்னொரு கோடை இருந்திருந்தா மோஹிராகிட்ட ஒண்ணு கேட்டிருப்பேன். கோடை முடிஞ்சுபோச்சு. இனி கேக்க வேண்டியதில்ல."

அது என்ன கேள்வி என்று புரியாதவர் அந்தக் கூடாரத்தில் இல்லை. மோஹிரா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சொன்னாள்: "நானும் ஒரு உண்மையச் சொல்லிடறேன். இந்தக் கோடை பூரா நீங்க குடுத்த குமிஸ் எல்லாத்தையும் நாய்தான் குடிச்சுது."

கூடாரம் அதிரச் சிரித்தோம். எங்கள் நாய் ஆக்தோஷ் ஏன் அவ்வளவு கொழுத்துப்போனான் என்பதும் விளங்கிவிட்டது.

நான் மட்டும் எழுந்து பேசவில்லை. மூன்று மாதம் என்னோடு ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். நாலு பேர் முன்னால் என்ன சொல்வது? காலையில் ஜீப் பக்கத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலை கிளம்பும் நேரத்தில் மோஹிரா தன் ஊர் வழக்கப்படி ஒரு ரொட்டியை ஒரு ஓரம் கடித்துவிட்டுப் புர்மாகானிடம் நீட்டினாள். பயணம் போகிறவர் கடித்த ரொட்டியை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்களாம், திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டுமாம். புர்மாகான் அதைத் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். சகின்பெக் உள்ளங்கைகளை விரித்து, வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தினார். வாழ்த்து முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். ஜீப் உறுமியது. நான் கண்ணாடி ஜன்னல் பக்கம் போய், மூன்று மாதத்துக்கும் சேர்த்து, "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டேன், ஓபா."

போய்விட்டாள்.

நான் அறைக்கு வந்தேன். அவள் கட்டில் காலியாகக் கிடந்தது. அதில் படுத்து நன்றாக அழுதேன். அழுதபடியே தூங்கியும்போனேன் போலிருக்கிறது. மத்தியானம் கண்ணைத் திறந்தால் எதிரே மோஹிரா நிற்கிறாள், முட்டிவரை சேறு.

"அதுக்குள்ள என் கட்டிலப் புடிச்சிட்டீங்களே," என்றாள்.

மேலே பனிக்குள் தேங்கிக் கிடந்த குட்டை ஒன்று உடைந்து ஆறு பெருகியிருக்கிறது. இவர்கள் போய்ச் சேரும்போது மரப்பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. ஊருக்குப் போக வேறு வழி கிடையாது. சகின்பெக் ரேடியோவில் நாரின் ஊருக்குச் சொன்னார். மண் தள்ளும் வண்டி வேறெங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, வரும்போது வரும் என்று பதில் வந்தது.

புர்மாகான் ஆணியிலிருந்து துணியை அவிழ்த்து, கடித்த ரொட்டியை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் குமிஸ்.

"திரும்பி வந்தா திங்கணும்னு சொன்னியே, தின்னு. நாய்க்கு இன்னிக்கு வயிறு சரியில்ல, இதையும் நீதான் குடிக்கணும்."

மோஹிரா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கடைசிச் சொட்டு வரை புர்மாகான் நின்று பார்த்தாள்.

சிரித்தோம்தான். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் சங்கடம் தொடங்கிவிட்டது. சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லியாகிவிட்டது, கேட்டவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மகளே என்று சொல்லாமல் சொன்ன புர்மாகான் இரண்டு மடங்கு சிடுசிடுத்தாள். மெலிஸ் சாப்பிடவே வரவில்லை. ஆற்றங்கரையில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கப்போவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டான்.

"பாலத்தோட பொணத்துக்குக் காவல் இருக்கானா?" என்றாள் புர்மாகான்.

முதல் இரண்டு நாள் இப்படியே ஒருவரை ஒருவர் தவிர்த்தோம். மூன்றாம் நாள் மோஹிரா சமையலறைக்குள் நுழைந்து, இன்று எங்கள் ஊர் இறைச்சிச் சோறு, பலாவ், நான் செய்கிறேன் என்றாள். புர்மாகான் தன் அடுப்பை யாருக்கும் விட்டவளில்லை. என்ன நினைத்தாளோ, கரண்டியைக் கொடுத்துவிட்டாள். நான் வெங்காயம் உரித்தேன்.

"கேரட் மலையாட்டம் வேணும், ஓபா. இங்க நாலே நாலு கெடக்கு, அதுவும் தொங்கிப்போய்."

"மலை வெளிய நிக்குது. வெட்டிப் போட்டுக்கோ," என்றாள் புர்மாகான்.

சட்டியில் கொழுப்பு பொரிய ஆரம்பித்தது. பிறகு மோஹிரா திரும்பாமலே கேட்டாள்: "விருந்துல ஒங்க பொண்ணப் பத்திச் சொன்னீங்களே..."

"அது வோட்கா பேசினது."

"நீங்க டீதான குடிச்சீங்க."

"அப்ப ஆட்டுக் கொழுப்பு பேசினது."

மோஹிரா சிரிக்கவில்லை. "மேட்டு மேல ஏறினா சிக்னல் கெடைக்கும். நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"எம் முழங்காலுக்கு மேடு ஆகாது."

"மெதுவாப் போலாம். நமக்குத்தான் ஒரு வேலையும் இல்லையே."

பலாவ் ஆறுவதற்குள் இருவரும் கிளம்பினார்கள். வெளியே நின்று பார்த்தேன். சின்ன உருவம் இழுக்க, பெரிய உருவம் பத்தடிக்கு ஒருமுறை நின்று திட்டிக்கொண்டே ஏறியது. மேலே போய் நெடுநேரம் இருந்தார்கள். இறங்கி வந்த புர்மாகானின் முகம் சிவந்திருந்தது. அவளே சொன்னாள்.

"வெறும் நூடுல்ஸ் தின்னுட்டுக் கெடக்கறாளாம். நல்லாத் திட்டிட்டேன்." தட்டை எடுத்து பலாவைக் குவித்துக்கொண்டாள். "இது பலாவ்னு சொல்லிக்காத. பசிக்குது, அதனால திங்கறேன்." இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மெலிஸுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது, மோஹிராவும் கூட வந்தாள். அவன் ஜீப்பின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, நன்றாக இருந்த எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையை இன்னும் உள்ளே விட்டுக்கொண்டான். நான் பாத்திரத்தைக் கல்லில் வைத்துவிட்டு, கழுவிய கரண்டியை மறுபடி கழுவத் தண்ணீர் ஓரமாகப் போனேன். அங்கே ஆற்றின் இரைச்சலில் உரக்கப் பேசியே ஆகவேண்டும். அதனால் எல்லாமே காதில் விழுந்தது.

"அது என்ன கேள்வி, மெலிஸ்?"

"அதான் கேக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டேனே."

"கோடை முடிஞ்சதுன்னுதான சொன்ன. இப்ப நீண்டுடுச்சு. கேளு."

அவன் கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "என்னக் கட்டிக்கிட்டு இங்க இருந்துடறியா? இல்ல, நீ சொன்னா நான் நமங்கான் வர்றேன். அங்கயும் ஜீப் இருக்கும்ல?"

"இருக்கு," என்றாள். பிறகு, "மாட்டேன், மெலிஸ். உன்மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு அப்படித் தோணல, அவ்வளவுதான். ஆனா நீ கேட்டது நல்லதாப் போச்சு. கேக்காம விட்டிருந்தா ஊருக்குப் போயும் இதே நெனப்பா இருந்திருப்பேன்."

நான் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அழுவானோ, கோபப்படுவானோ என்று பயம். ஜீப்பின் மூடியைச் சாத்தும் சத்தமும் பிறகு அவன் குரலும் கேட்டது: "அனார்குல் எஜே, அந்தக் கரண்டி தேஞ்சுடும். பாத்திரத்துல என்ன இருக்கு?"

"பலாவ். மிச்சம்."

"இவ செஞ்சதா?" என்று கேட்டு, ஒரு வாய் போட்டு மென்றான். "அப்ப தப்பிச்சேன்."

மோஹிரா ஒரு பிடி மணலை அள்ளி அவன்மேல் வீசினாள். அன்று மாலையே அவன் சாப்பிட வந்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்த சில நாட்கள்தான் அந்தக் கோடையிலேயே நல்ல நாட்கள். மோஹிராவின் கருவிகளெல்லாம் பெட்டிக்குள் போயாகிவிட்டன, அவளுக்கு அளக்க ஒன்றுமில்லை. எட்டு வருடம் அந்த மலையின் குளிரைக் குறித்துவைத்தவள் நான், சும்மா பார்ப்பதற்காக ஒருநாளும் பனிமேல் ஏறியதில்லை. மோஹிரா கூட்டிக்கொண்டு போனாள். வெயிலில் பனிக்கடியில் நீர் ஓடும் சத்தம் கேட்டது. படுத்துக் காதை வைத்தால் யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலிருந்தது. அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றோம். நீ போனபோது அழுதேன் என்று அப்போதுதான் சொன்னேன். "கண்ணப் பாத்தாலே தெரிஞ்சுது, ஓபா. தலகாணி வேற நனைஞ்சிருந்துது," என்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெயில் சாயும்வரை இருந்தோம்.

மண் தள்ளும் வண்டி ஒரு சாயங்காலம் அக்கரையில் வந்து நின்றது. ஆற்றில் கல்லைக் கொட்டி ஒரு தடம் போட்டார்கள். எங்கள் ஆறு விடியலில் வடியும், வெயில் ஏற ஏறப் பெருகும். அதனால் பொழுது புலரும் முன்பே மெலிஸ் கதவைத் தட்டினான்.

"இப்பவே கெளம்பணும். தண்ணி ஏறினா கல்லு தாங்காது."

பெட்டியை எறிந்தோம், பையை எறிந்தோம். மோஹிராவின் ஒரு காலுறை கிடைக்கவில்லை. சகின்பெக் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, "அறிவியல்..." என்று ஆரம்பித்தார். "ஆறு ஏறுது, பைகே," என்று மெலிஸ் அவரை நகர்த்தினான். புர்மாகான் மாவுக் கையோடு வந்து அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். மாவு ஒட்டிக்கொண்டது. "போ, போ. வண்டியில தூங்கிடாத, அவனும் தூங்கிடுவான்." நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு மூச்சு விடும் நேரம். எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் அழவில்லை, அழ நேரமில்லை.

வருவேன் என்று விருந்தன்று சொன்னவள்தான். அவளும் பொய் சொல்லவில்லை, நாங்களும் நம்பாமல் இல்லை. அடுத்த ஆண்டு நோய் வந்து ஊரெல்லாம் கதவை மூடியது. அது போனபின் நிலையத்தில் தானாகவே அளக்கும் கருவிகளை வைத்தார்கள், ஆட்களை அனுப்பிவிட்டார்கள். நான் இப்போது நாரின் ஊரில் இருக்கிறேன். மெலிஸுக்குக் கோச்கோரில் கல்யாணம் ஆகி இரண்டு பையன்கள், பெண்டாட்டி அவனைவிட நாலு மடங்கு பேசுவாள். புர்மாகானின் மகள் மாஸ்கோவிலேயே இருக்கிறாள். வருடம் ஒருமுறை வந்து தாயோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். மோஹிரா தாஷ்கண்டில் பாடம் நடத்துகிறாள். வசந்தத்தில் வரும் நவ்ருஸ் பண்டிகைக்குத் தவறாமல் கூப்பிடுவாள்.

அந்த விடியலில் நானும் ஆறுவரை ஓடினேன். ஜீப் கல்மேல் ஆடி ஆடி அக்கரை ஏறியது. ஏறியதும் மோஹிரா ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்து, எனக்கு ஏதோ கத்திச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள், கையையெல்லாம் ஆட்டி. தண்ணீர் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டதுபோல நானும் தலையை ஆட்டினேன்.

போன வருடம் அவள் கூப்பிட்டபோது அதைக் கேட்டேன். "அன்னிக்கு அக்கரையில நின்னு என்ன சொன்ன?"

யோசித்துப் பார்த்தாள். "தெரியல, ஓபா. சத்தியமா நெனவில்ல," என்றாள். பிறகு, "நீங்கதான் தலைய ஆட்டினீங்களே, நீங்க சொல்லுங்க," என்றாள்.