நல்ல நாள் பார்த்து வைத்த தீ

தீப்பிடிப்பதற்கு நல்ல நாள் பார்த்த ஒரே மனுஷன் இந்த உலகத்தில் தாளாளர் வைகுண்டராஜாகத்தான் இருப்பார். அதுவும் நிஜத் தீ இல்லை. ராஜபாளையத்தில் அவர் நடத்துகிற பள்ளிக்கூடத்தில், ஆபத்து வந்தால் பிள்ளைகள் எப்படி வெளியேற வேண்டும் என்று பழக்குவதற்கான ஒத்திகைத் தீ. வாசலில் கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகைய விடுவார்கள், விசில் ஊதுவார்கள், பிள்ளைகள் வரிசையாக வெளியே போவார்கள், அவ்வளவுதான். அதற்கே மனுஷன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரில் கிடந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“சரசுவதி குடியிருக்கிற எடம் டீச்சர். தீன்னு வாயால சொல்லணும்னாலும் நாள் கெழம பாக்காமச் சொல்லப்பிடாது” என்றார்.

எதிரே நின்ற பியூலா, அந்தப் பள்ளியின் விளையாட்டு டீச்சர். பள்ளிப் பாதுகாப்பு என்கிற பொறுப்பையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலைத் தவிர வேறெதற்கும் நாள் பார்த்துப் பழக்கமில்லாதவள் அவள். ஆனாலும் தலையை ஆட்டினாள். எந்த நாளானால் என்ன, அவளுக்குப் பள்ளியின் பின்பக்கத்து இரும்புக் கேட்டு திறந்தால் போதும்.

பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். வாசலை ஒட்டியே சமையல்கூடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கேதான். ஒன்றாம் வகுப்பு இருந்ததோ கட்டடத்தின் பின்கோடியில். சமையல்கூடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சின்னதுகள் புகைக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். பின்சுவரில் ஓர் இரும்புக் கேட்டு இருக்கத்தான் செய்தது. அதைத் திறந்தால் வேப்பமரத்து மைதானம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், வினையே அதில்தான் வந்தது. ஒரு காலத்தில் முகூர்த்த நாளென்றால் பெரிய வகுப்புப் பையன்கள் அந்த வழியாக நழுவிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வெற்றிலை போட்ட வாயோடு கணக்குப் பாடத்துக்குத் திரும்பி வந்தார்கள். வைகுண்டராஜ் கேட்டு முழுக்கத் தகரம் அடித்துப் பூட்டிவிட்டார்.

பியூலாவும் ஆசிரியர் கூட்டத்துக்குக் கூட்டம் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம். சில ராத்திரிகளில் பிஞ்சுக் கைகள் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கனவில் கேட்டு, வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவாள். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல் அவர் இறங்கி வந்தார். “ஒரே ஒரு நாள் தொறக்கேன். தீயணைப்பு ஆபீசர் வந்து பாக்கட்டும். உங்க விசிலுக்குக் கட்டுப்படாம ஒரு பிள்ளை, ஒத்தப் பிள்ளை இருந்துச்சுன்னாலும் அன்னைக்குச் சாயந்தரமே வெல்டிங்காரனக் கூப்பிட்டுக் கேட்ட ஒட்டிருவேன். பொறவு அதப் பத்திப் பேச்சே எடுக்கப்பிடாது. சம்மதமா?”

“சம்மதம் சார்” என்றாள் பியூலா.

காலண்டரில் ஆவணி வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை அகப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிகிறது. முடிந்த கையோடு தீ வைத்துவிடலாம் என்று முடிவானது. “அருமையான சுபமுகூர்த்தம் டீச்சர். எடுத்த காரியம் வெளங்கும்” என்று வைகுண்டராஜ் பேனாவால் வட்டம் போட்டார். நல்ல நாள் என்றால் ஊருக்கே நல்ல நாள்தான் என்பது இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை.

பியூலா பிள்ளைகளைப் போட்டுப் பழக்கினாள். முதல் விசிலுக்கு எழ வேண்டும். கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட வேண்டும், பையோ செருப்போ சோத்து டப்பாவோ எதுவானாலும். முன்னால் நிற்கிற பிள்ளையின் தோளில் கை வைத்து மைதானத்துக்குப் போய் வரிசையாக உட்கார வேண்டும். அங்கே மறுவிசில் கேட்டால் அதே மாதிரி எழுந்து திரும்ப வேண்டும். அதுவரைக்கும் எழக் கூடாது, பேசக் கூடாது. டீச்சர்மாருக்கும் இதே சட்டம்தான்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. வில்லிபுத்தூரிலிருந்து தீயணைப்பு அதிகாரி தங்கச்சாமி மடிப்புக் கலையாத காக்கியில் வந்து இறங்கினார். காலையிலிருந்து பின்பக்கம் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மண்டபத்து மேளம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா என்ன? யாரும் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் வைகுண்டராஜ் கேட்டுக்கு முன்னால் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிப் பூட்டை எடுத்துவிட்டு, புகையைப் பார்க்கத் தங்கச்சாமியோடு முன்வாசலுக்குப் போய்விட்டார்.

பியூலா விசிலை ஊதினாள். பிள்ளைகள் எழுந்த அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரு பை நகரவில்லை, ஒரு வாய் திறக்கவில்லை. வரிசை பின்பக்கம் வளைந்து போனது. எல்லா அறையிலும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாகத்தான் அவள் வெளியேற வேண்டும். அப்படியே செய்து, மனசெல்லாம் குளிர்ந்து, கேட்டைத் தாண்டினாள். தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மைதானத்தைக் காணோம். வேப்பமரத்தைச் சுற்றி ஒரு பெரிய கல்யாணப் பந்தல் நின்றது. மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் போதாது என்று பந்தியை இங்கே போட்டிருக்கிறார்கள். நீள நீளமாகப் பந்திப்பாய், பாய்க்கு முன்னால் வாழை இலை. மைதானத்துக்குப் போய் வரிசையாக உட்கார் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் அல்லவா, சொன்ன சொல் தட்டாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வரிசைக் கடைசியில் தமிழ் டீச்சரும் அறிவியல் டீச்சரும் அதே ஒழுக்கத்தோடு சம்மணம் போட்டிருந்தார்கள். இலையில் சோறும் விழுந்து சாம்பாரும் விழுந்தாகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிற வழக்கம் இந்தச் சீமையில் கிடையாது. உட்கார்ந்தால் இலை, இலை விழுந்தால் சோறு.

பியூலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் நின்ற தூணுக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா சமுத்திரம் தன் மைத்துனன் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, மாப்பிள்ள வீட்டுக்காரவிய ஒரு பள்ளிக்கூடத்தையே அழைச்சிருக்காவ. நம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னாவளா பாத்தியா? நம்மளச் சோதிக்காவ. வாயத் தொறந்து கேட்டுறாத, மருவாத போயிரும். இன்னொரு அண்டா ஏத்தச் சொல்லு, ஓடு!”

அந்தப் பக்கத்துத் தூணுக்கடியில் மாப்பிள்ளையின் அப்பா கருத்தப்பாண்டி. வில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவர். அவர் தன் ஆட்களிடம் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு வீட்டுக்காரவிய பவுசப் பாத்தியளா? பள்ளிக்கூடத்தையே கூட்டியாந்து எறக்கிட்டாவ! நம்ம மட்டும் கொறஞ்சா போயிருவோம்? வேன்ல இருக்கிற பால்கோவா அம்புட்டையும் எறக்குங்கலே!”

சம்பந்தி என்கிற உறவே அப்படித்தான். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் கௌரவம் என்னாவது? இரண்டு பேரும் தூரத்திலிருந்தே கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு, போட்டி போட்டுப் பரிமாறினார்கள்.

பியூலா சமுத்திரத்திடம் போய், “அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு, இந்தப் பிள்ளைங்க...” என்று ஆரம்பித்தாள்.

“தப்பா? சின்னப் பிள்ளைய பசியாறதுல என்ன தாயி தப்பு? நீங்களும் உக்காருங்க” என்று அவர் அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வைகுண்டராஜும் தங்கச்சாமியும் கேட்டு வழியாக வந்தார்கள். எந்தப் பந்திக்குப் பயந்து மனுஷன் தகரம் அடித்தாரோ, அந்தப் பந்தியில் அவருடைய பள்ளிக்கூடம் மொத்தமும் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் செவசெவ என்று ஆகிவிட்டது.

“என்ன டீச்சர், இது ஒத்திகையா, ஓசிச் சோறா?”

“சொன்ன எடத்துல அசையாம உட்காந்திருக்காங்க சார்” என்றாள் பியூலா.

“எல போட்டா எங்க வீட்டு எருமகூட அசையாமத்தான் நிக்கும்!”

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை சமுத்திரம். “பெரியவிய நீங்களும் வந்துட்டியளா!” என்று பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிர்வரிசையில் உட்கார்த்தி இலையும் போட்டுவிட்டார். பந்தலுக்குள் வந்துவிட்டு இலையை மறுத்தால் ஜென்மப் பகை. வைகுண்டராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கச்சாமி மட்டும் வேலை நேரம் என்று சொல்லித் தப்பித்து, நேரம் அளக்கச் செல்போனைக் கையில் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றார்.

“மறுவிசில் ஊதட்டுமா சார்?” என்றாள் பியூலா.

வைகுண்டராஜ் ஒரு கவளத்தை விழுங்கினார். பார்வை பந்தலின் மூலைக்குப் போனது. அங்கே கருத்தப்பாண்டியின் ஆட்கள் பால்கோவாத் தூக்குகளோடு வந்துகொண்டிருந்தார்கள். தாளாளர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

“இருங்க. பால்கோவா விழட்டும். விழுந்தபொறவு ஊதுங்க. எத்தன பிள்ளை எந்திரிக்குன்னு பாத்துருவோம்.”

பாவி மனுஷன்! பெரியவர்களுக்கே இந்தச் சோதனை ஆகாது. சுடச்சுட இறக்கிய பால்கோவா ஒவ்வோர் இலையிலும் பொத்து பொத்தென்று விழுந்தது. நெய் இலையில் பரவி, வாசனை பந்தலை நிறைத்தது. ஒன்றாம் வகுப்பு மகாலட்சுமி, இரண்டு முன்பல்லும் விழுந்த குட்டி, அதை இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். பியூலாவுக்குக் கண்ணில் வெல்டிங் பொறி பறந்தது. இந்த நிமிஷம் போனால் கேட்டு இனி ஜென்மத்துக்கும் திறக்காது. ஏசப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

கண்ணைத் திறந்தால் ஒரு பிள்ளைகூட எழவில்லை. அத்தனை கண்ணும் இலையைத்தான் பார்த்தன.

மகாலட்சுமி பால்கோவாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். உதடு பிதுங்கி, கண் முட்டி, இரண்டு சொட்டு கன்னத்தில் உருண்டது. அள்ளியதை இலையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்பு எழுந்தது, இரண்டாம் வகுப்பு எழுந்தது, பிறகு சரசரவென்று பள்ளிக்கூடம் முழுக்க எழுந்து, முன்தோளில் கை வைத்து நடக்க ஆரம்பித்தது.

கூத்து அதோடு நிற்கவில்லை. பந்தி என்றால் மொத்தமாக எழ வேண்டும். வரிசை எழுந்த பிறகும் உட்கார்ந்து தின்கிறவனுக்குச் சோத்துக்கு அலைந்தவன் என்று பெயர் வந்துவிடும். பிள்ளைகள் எழுவதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பன்மார் பதறி எழுந்தார்கள். பட்டுச்சேலைக்காரிகள் எழுந்தார்கள். கை கழுவுகிற இடம் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது என்று எல்லாரும் பிள்ளைகளின் பின்னாலேயே நடந்தார்கள். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளை, கழுத்து மாலையோடு ஒரு நாலாம் வகுப்புப் பையனின் தோளில் கையை வைத்தான். அவன் தோளில் பொண்ணு கையை வைத்தாள். கல்யாணமே வரிசை கட்டிப் பின்கேட்டு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது.

“ஐயோ, என்ன கொறை வச்சேன்? உப்பு கூடிட்டா?” என்று சமுத்திரம் தலையில் கை வைத்தார்.

“கொறை எல்லாம் இல்ல அண்ணாச்சி. இவங்கள யாருமே அழைக்கல. இது தீப்பிடிச்சா தப்பிக்கிறதுக்கு நடத்துற ஒத்திகை” என்று பியூலா ஒரே மூச்சில் கொட்டினாள்.

சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப நீங்க அழைக்கலியா?”

“நீங்க அழைச்சியன்னுல்லா நான் அண்டா ஏத்துனேன்!”

கருத்தப்பாண்டிக்குச் சிரிப்புப் பொங்கியது. சமுத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, துண்டு நழுவுவது தெரியாமல் சிரித்தார்.

தங்கச்சாமி செல்போனில் நேரத்தை நிறுத்தினார். பந்தல் காலியாகக் கிடந்தது. அத்தனை இலையிலும் பால்கோவா வைத்தது வைத்தபடி இருந்தது, ஓர் இலையைத் தவிர. அந்த இலைக்கு முன்னால் வைகுண்டராஜ் கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். விசிலும் கேட்கவில்லை, ஊர் எழுந்து போனதும் தெரியவில்லை. மூடின கண் மூடினபடியே வலது கையை நீட்டி, “இன்னும் செத்த வைய்யி” என்றார்.

“டீச்சர், பிள்ளைய அம்புட்டும் தப்பிச்சிருச்சு. கல்யாண வீடும் தப்பிச்சிருச்சு. பலி ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் தங்கச்சாமி.

வைகுண்டராஜ் கண்ணைத் திறந்தார். காலிப் பாயைப் பார்த்தார், எதிரே பிஞ்சு விரல் பதிந்து கிடந்த மகாலட்சுமியின் பால்கோவாவைப் பார்த்தார், அப்புறம் தன் இலையைப் பார்த்தார். பியூலா எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தச் சிரிப்போடு போயே போய்விட்டது.

“சார், சாயந்தரம் கேட்டப் பூட்டுவியளா?” என்று கேட்டாள்.

வைகுண்டராஜ் இலையில் மிச்சமிருந்த நெய்யை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

“செத்தவன் எங்கிட்டு டீச்சர் வந்து கேட்டப் பூட்ட? தொறந்தே கெடக்கட்டும். பிள்ளைகளக் கூப்பிடுங்க, பால்கோவா ஆறுது.”

பியூலா கேட்டண்டை போய் நின்று ஊதினாள். அந்த விசிலுக்கு மட்டும் ஒரு பிள்ளையும் வரிசையில் வரவில்லை.