எண்பது கிலோ

சனிக்கிழமைப் பயிற்சி எப்போதும் செத்தவன் பெயரில்தான் தொடங்கும். வால்பரைசோ துறைமுக நகரின் மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தன்னார்வத் தீயணைப்புப் படையில் அது மாறாத வழக்கம். பயிற்சியாளர் அலீரோ பதிவேட்டைப் பிரித்து, "எலியாஸ் கார்க்கமோ!" என்று அழைப்பார். இளையோர் அணிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஆஜர்!" என்பார்கள். எலியாஸின் தங்கை யஸ்னாவும் சொல்வாள். பதினாறு வயது. அண்ணனுக்கு ஆஜர் சொல்லியே ஓராண்டு ஓடிவிட்டது அவளுக்கு.

எரிகிற வீட்டுக்குள் எலியாஸும் அலீரோவும் சேர்ந்துதான் போனார்கள். அலீரோ மட்டும் திரும்பி வந்தார். அடக்கத்தன்று அவர் யஸ்னாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உடுப்பு, காத்து சிலிண்டரோட அவன் எண்பது கிலோ, அக்கா. என்கிட்ட மூணு நிமிஷக் காத்துதான் மிச்சம். அவன் விழுந்து கிடந்த படுக்கையறையிலேர்ந்து வாசலுக்குப் பத்து மீட்டர். தனியாளா இழுத்துட்டு வர எவனாலயும் முடியாது."

அம்மா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். யஸ்னாவுக்கோ அது தொண்டையில் சிக்கிய முள். முடியுமா, முடியாதா என்று தன் கையாலேயே பார்த்துவிட வேண்டும். அவள் படையில் சேர்ந்ததே அதற்காகத்தான்.

இழுக்கும் பயிற்சிக்கு ஒரு மணல் பொம்மை உண்டு. ஐம்பது கிலோ. பிள்ளைகள் வைத்த பெயர் 'தொந்தி மாமா'. அன்று எல்லோருக்கும் முன்னால் வந்த யஸ்னா அதன் வயிற்றைப் பிரித்து, இன்னும் முப்பது கிலோ மணலைத் திணித்துத் தைத்துவிட்டாள். கூடத்து வாசலிலிருந்து பத்து மீட்டர் அளந்து உள்ளே கிடத்தினாள். முதல் ஆளாகப் போகிறேன் என்று கேட்டும் வாங்கிக்கொண்டாள்.

கண்ணைக் கட்டினார்கள். சுவரைத் தடவித் தவழ்ந்து போய்ப் பொம்மையைக் கண்டுபிடித்தாள். அக்குளுக்கடியில் நாடாவைக் கோத்துத் தோளில் மாட்டி, குதிகாலை ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அசைந்தது.

"தொந்தி மாமாவுக்கு வயசாயிடும், சீக்கிரம் வா!" என்று நவேல் வெளியிலிருந்து கத்தினான். இந்தப் பயலுக்கு வாய் மட்டும்தான் நீளம்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு!" என்றார் அலீரோ. "விடாத பொண்ணே! வந்துட்ட! இழு, இழு!"

குதிகால் வாசற்படியில் இடித்தது. இன்னும் ஒரே இழுப்பு. அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. முடியும். பதினாறு வயதுப் பெண்ணாலேயே முடியும். தீயும் பயமும் இங்கே இல்லைதான். ஆனாலும் முடியும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "இழு" என்று தொண்டை கிழியக் கத்துகிற இந்த மனிதர் இனி எந்த முகத்தோடு பதிவேட்டைத் திறப்பார்?

நாடாவை விட்டாள்.

"முடியல மாமா."

"அடிப்பாவி! வாசப்படியில கொண்டாந்து கொன்னுட்டாளே!" என்றான் நவேல். எல்லோரும் சிரித்தார்கள். கண்கட்டை அவிழ்க்காமலே யஸ்னா உட்கார்ந்திருந்தாள். அழுவது தெரியாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

அடுத்தவனுக்காகப் பொம்மையைத் திரும்பக் கிடத்த அலீரோ குனிந்தார். தூக்கிப் பார்த்தார். வயிற்றில் புதுத் தையலைத் தடவினார்.

"எல்லாரும் போய் குழாயச் சுத்துங்க. போங்க." பிள்ளைகள் போனார்கள். "எத்தன கிலோ?"

அவள் கண்கட்டை அவிழ்த்தாள்.

"யஸ்னா. எத்தன?"

"எண்பது."

அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வாசல் வரைக்கும் வந்துட்டியே."

"தாண்டலையே மாமா. யாராலயும் முடியாது. நீங்கதான சொன்னீங்க? அம்மாகிட்டயும் அதத்தான் சொல்லப்போறேன்."

வேண்டாம் என்று அலீரோ தலையை ஆட்டினார்.

"நான் இழுத்தே பாக்கலம்மா," என்றார். "அவன் கூப்பிட்டான். நான் ஓடி வந்துட்டேன்."