சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி

விடுமுறைப் பிரிவில் வேலை என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். "அப்போ உங்களுக்கு வருஷம் பூரா லீவா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நாட்டில் எந்தெந்த நாள் பொது விடுமுறை என்று பட்டியல் போட்டு மேலே அனுப்புகிற பிரிவு அது. மூன்று பேர், ஒரு மின்விசிறி, கதவு சரியாக மூடாத இரண்டு அலமாரிகள். அங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அதில் ஒன்பது வருடத்தை ஒரே கோப்பு தின்றுவிட்டது. எங்கள் சமயத்தவரின் நினைவு நோன்பைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லும் கோப்பு. எங்கள் ஆட்கள் எண்ணிக்கையில் குறைவு, கூச்சல் போட்டுக் கேட்கத் தெரியாதவர்கள். நோன்பே மௌன நோன்புதான். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பேசக்கூடாது, அடுப்புப் பற்றவைக்கக்கூடாது. சூரியன் இறங்கியதும் நோட்டை எடுத்து, அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை உரக்கப் படிக்க வேண்டும். பிறகுதான் பேச்சு, சாப்பாடு எல்லாம். இறந்தது குழந்தையாக இருந்தால், அந்தப் பெயரைப் பெற்றவள் வாயால்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் நோட்டில் கடைசிப் பெயர் எங்கள் மகளுடையது. ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மற்ற நாட்களில் என் மனைவி அந்தப் பெயரை எடுக்க மாட்டாள், "பாப்பா" என்றுகூடச் சொல்ல மாட்டாள். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பெயரையும் சொல்லுவாள். அதை வைத்துத்தான் மிச்ச வருடத்தை ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஒரு நாள் லீவுக்காக மூன்று மாதத்துக்கு முன்பே மேட்ரன் முன்னால் போய் நிற்பாள். மேட்ரன் முணுமுணுப்பார், ஆனால் கொடுத்துவிடுவார். "நம்ம நாளை நாம பிச்சை கேட்டு வாங்க வேண்டியிருக்கு" என்று ஒருமுறை வீட்டுக்கு வந்து சொன்னாள். மறுநாளே அந்தக் கோப்பைத் தூசி தட்டினேன்.

மேலே போகும், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும், "மேலும் விவரம் தேவை" என்று திரும்பி வரும். விவரம் கொடுத்தால், "இவர்களுக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே" என்று எழுதி வரும். துணைச் செயலாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். பிறகு ஒரு தேர்தல் நெருங்கியது. எங்கள் ஆட்களின் ஓட்டு திடீரென்று யார் கண்ணிலோ பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துணைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நாலு மணிக்குள்ள சுற்றறிக்கை என் மேஜைக்கு வரணும்" என்றார்.

எங்கள் பிரிவில் சுற்றறிக்கையை யாரும் முழுதாக எழுதுவதில்லை. முதல் பத்தியை எழுதுவோம், கடைசிப் பத்தியைப் பழையதிலிருந்து எடுத்து ஒட்டுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் ஒட்டினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒட்டினார். முதல் பத்தியை நான் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு காற்புள்ளிக்காகப் பத்து நிமிடம் யோசித்தேன். கடைசிப் பத்தியைப் படிக்கவே இல்லை.

நோன்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னைக்கு டியூட்டி போட்டிருக்காங்க."

"லீவு கேக்கலையா?"

"கேட்டேன். மேட்ரன் இதைக் குடுத்தாங்க."

என் சுற்றறிக்கைதான். கடைசிப் பத்திக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. மருத்துவமனை முதலிய அத்தியாவசியப் பணியாளர்களில், பணிப் பட்டியலில் உள்ள எவருக்கும் பொது விடுமுறை நாளில் எக்காரணம் கொண்டும் தனி விடுப்பு வழங்கலாகாது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

"யார்கிட்டயாவது மாத்திக்கக் கூடாதா?"

"திங்கக்கிழமை வருதுங்க. சேந்தாப்ல மூணு நாள் லீவு. எல்லாரும் டிக்கெட் போட்டாச்சு. சீட்டு குலுக்கினாங்க, எனக்கு விழுந்துது."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் துணைச் செயலாளரிடம் போனேன். "திருத்தம்னா புதுசா ஃபைல் போடணும். அடுத்த வருஷம் பாப்போம்" என்று கைவிரித்துவிட்டு, "உங்க நாளுக்குத்தானே லீவு வாங்கிக் குடுத்திருக்கோம், இன்னும் என்ன?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்து, "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க" என்றார். நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம்.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஆறு மணிக்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தாள், பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பேசித்தானே ஆக வேண்டும். தெருவில் துணிக்கடைக்காரன் நினைவு நோன்புத் தள்ளுபடி என்று பேனர் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தான். ஒன்பது வருட உழைப்பின் பலனை ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டேன்.

ஐந்தரைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் நின்றாவது அவள் படித்துவிடுவாள் என்று நினைத்திருந்தோம். காவலாளி கேட்டிலேயே மறித்தார்.

"இன்னைக்கு லீவு சார். பாக்கறவங்க நேரம் பன்னெண்டோட முடிஞ்சுது."

நோட்டைக் காட்டினேன், மாடியைக் காட்டினேன்.

"பேச வராதா சார்? பாவம். ஆனா உள்ள விட முடியாது, ஆர்டர்." அவர் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வெயில் சுவரிலிருந்து இறங்கிப் போனது. இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. என் மனைவி, கையுறையைக்கூடக் கழற்றாமல், கீழே என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். நான் நோட்டை உயர்த்திப் பிடித்தேன். எங்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம் முழுதும் கிடந்தது. செருமிக்கொண்டு சொன்னால் காதில் விழாது. அதனால் அவள் கத்தினாள். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், முழுப் பெயரையும். அந்தக் குரலைப் பத்து வருடமாக நான் கேட்கவில்லை.

உள்ளே யாரோ கூப்பிட, ஜன்னலிலிருந்து விலகிவிட்டாள்.

"சிஸ்டர் யாரைக் கூப்பிடறாங்க? உங்க பொண்ணா?" என்றார் காவலாளி.

பொழுது சாய்ந்துவிட்டது, இனிப் பேசலாம்.

"ஆமா" என்றேன்.

நான் பேசியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வண்டிங்க வர்ற இடம் சார், புள்ளையத் தனியா விடலாமா? இருங்க, கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேட ஆரம்பித்தார். அவரைத் திரும்பக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை.