வந்து சேர்பவர் நானே

இந்த நகரத்தில் அசலாக எஞ்சியிருக்கும் கடைசி மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்கெடுத்துவிட்டுச் சொல்கிறேன். என் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். மீதி அறுபத்தொரு பேரும் தாவல் பெட்டிக்குள் ஒருமுறையாவது நுழைந்தவர்கள். அதாவது, இங்கே பொடிப்பொடியாக்கப்பட்டு, வேறோர் ஊரில் புதிதாகச் செய்யப்பட்டவர்கள். உள்ளே போனவன் போனவன்தான். வெளியே வந்தவன் அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற ஜெராக்ஸ். இதை விளக்கிப் பதினோரு பக்கத்தில் துண்டறிக்கை எழுதிக் கல்லூரி வாசலில் கொடுத்தேன். வாங்கியவர்கள் மடித்து விசிறிக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் பெயர் ‘அசலு’.

துண்டறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பயணப் படிவத்தைப் பற்றியது. படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘வந்து சேர்பவர் நானே என உறுதியளிக்கிறேன்.’ கிளம்புவதற்கு முன்பே டிக் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, பெட்டித் தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் பாதங்களின் மேல் காலை வைத்து, வாயில்லாப் பூச்சியாக நிற்க வேண்டும். ‘தான் செத்த பிறகு வரப்போகிறவனுக்கு இவன் இப்போதே ஜாமீன் கொடுக்கிறான்’ என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன்.

வெளியூரில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பெட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதாக அம்மா சொன்னாள்.

“ரயில்ல போம்மா.”

“பதினோரு மணி நேரம்டா. எனக்கு லீவு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. போய் இறங்கறதுக்குள்ள பேரனுக்கு மீசை முளைச்சிரும்.”

“நீ போவே. திரும்பி வர்றது நீயா இருக்காது. உன்னை மாதிரி யாரோ ஒருத்தி.”

“வரட்டுமே. நீயும் ஒருதடவை போயிட்டு வாயேன்டா. சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை ஒண்ணு இந்த வீட்டுக்கு வரட்டும்.”

ஞாயிறு மாலை நான்கு மணிப் பெட்டியில் திரும்பி வந்தாள். “வாங்க, புது அம்மா” என்று வாசலில் வரவேற்றேன். இடது கை மரத்துப்போனது போல இருக்கிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

அம்மா மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள். மற்றவர்கள் நரம்பைக் கண்ணால் தேடுவார்கள். அவள் இடது கை விரல் நுனிகளை முழங்கை மடிப்பில் வைத்து, கண்ணை மூடி லேசாக அழுத்துவாள். “இந்தா ஒளிஞ்சிருக்கு” என்பாள். ஒரே குத்து. கைக்குழந்தை என்றால் டாக்டர்களே அவளைத்தான் தேடுவார்கள்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே அவள் வீட்டில் இருந்தாள். மேசைமேல் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, குண்டூசியால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“குத்தறதே தெரியலைடா.” அடுத்த விரலுக்குப் போனாள். “ஒன்றரை வயசுக் குழந்தை. நாலு தடவை குத்திட்டேன். நாலாவது தடவை அதுக்கு அழக்கூடத் தெம்பில்ல.” குண்டூசியைக் கீழே வைத்தாள். “நீ சொன்னது சரிதான் போலிருக்கு. திரும்பி வந்தது நான் இல்ல.”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விவாதத்தில் ஜெயித்திருந்தேன். பதினோரு பக்கத்தையும் கசக்கி என் வாயிலேயே திணித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தாவல் நிலையத்தில் விசாரணைக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“விரல் அஞ்சும் வந்திருக்கா சார்?”

“வந்திருக்கு.”

“நகம்?”

“இருக்கு.”

“அப்போ முழுசா வந்து சேர்ந்தாச்சு சார். எடை, உயரம், உறுப்பு. உணர்ச்சி எங்க பட்டியல்ல வராது.”

“உங்க பல்லு பட்டியல்ல வருமா?” கண்ணாடியில் ஓங்கி அறைந்தேன். காவலாளி எழுந்து நின்றார்.

“கோபப்படாதீங்க சார். கிளம்பும்போது எடுத்த பதிவு தலைமை அலுவலகத்துல இருக்கு. அதை வெச்சு சரிபண்ணிடுவாங்க. ஆனா இருபத்திநாலு மணி நேரத்துல அது தானா அழிஞ்சிரும். அதுக்குள்ள நேர்ல போய், அழிக்காதீங்கன்னு எழுதிக் குடுக்கணும்.”

“போன்ல சொல்றேன்.”

“நேர்ல சார்.”

“அம்மாவையே அனுப்பறேன்.”

“அவங்க மறுபடி பெட்டில ஏறினா, பழைய பதிவு மேலயே புதுசு விழுந்துரும். மகனோ மகளோதான் போகணும்.”

“அக்காவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகுது.”

“அவங்களை மூணு மாசத்துக்கு ஏத்த மாட்டோம் சார்.”

“அலுவலகம் எவ்வளவு தூரம்?”

“எண்ணூறு கிலோமீட்டர். பெட்டில ரெண்டே நிமிஷம்.”

மணி ஒன்று இருபது. நான்கு மணிக்கு அம்மாவின் விரல்கள் அழிந்துவிடும். செருப்பு கடிக்கிறது என்று கடைக்காரனிடம் புகார் சொல்லப் போனால், அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து வா என்கிறான்! ஒரு குழந்தையின் கையில் நான்கு ஓட்டை. அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினேன்.

“போகாதீங்க! எங்கம்மா விரலைத் தின்னுட்டானுங்க! கேட்டா நகம் இருக்கான்னு கேக்கறானுங்க!”

கைப்பையோடு நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, நீங்க போகலைன்னா கொஞ்சம் வழி விடுங்க.”

வழி விட்டேன். விட்ட பிறகு, அவருக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

அம்மாவுக்கு போன் செய்து, தலைமை அலுவலக விவரத்தைச் சொன்னேன்.

“நாலு மணிக்குள்ள எழுதிக் குடுத்துருவேன்மா.”

“எப்படிடா போறே?”

“ரயில்ல.”

“எண்ணூறு கிலோமீட்டரா?”

“வேகமான ரயில்மா.”

“சரி,” என்றாள். “ரயில்ல காலை நேரா வெச்சு நில்லு. ஆடாதே.”

முன்னால் யாரோ திரும்பினார்கள். என் வகுப்புத் தோழன். “டேய் அசலு! நீயாடா?” நான் கூரையைப் பார்த்தேன். கூரை சுத்தமாக இருந்தது.

படிவம் வந்தது. நூலில் கட்டிய பேனா. பெயர், வயது, எடை. அடியில் அந்தக் கட்டம். டிக் அடித்தேன்; அழுத்தியதில் தாள் கிழிந்தது. கவுண்டர் பெண் வேறொரு தாள் கொடுத்தாள். மறுபடியும் அடித்தேன், இந்த முறை மெதுவாக.

பெட்டிக் கதவு திறந்தது. மஞ்சள் பாதங்கள் என் காலைவிட ஓர் அங்குலம் பெரியவை. நடுவில் சரியாக வருகிறதா என்று குனிந்து பார்த்து, இரண்டு காலையும் நேராக வைத்தேன்.