இல்லை என்று நினைத்த குழாய்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் விஜயகுமாரியை ஏமாற்றிவிட்டு ஒரு பீஸ் வெளியே போக முடியாது. கடுகளவு ஆயில் கறை போதும், தனியே எடுத்து வீசிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண்ணுக்காரி, தன் சேலையில் படும் கறையை மட்டும் மூன்று வருசமாக மறைத்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் பன்னிரண்டு நாள் கறுப்புச் சேலை. உட்காரும் இடத்தில் மடித்துப் போட்ட வேஸ்ட் துணி. ரத்தம் குறைந்து டேபிளிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாள். கர்ப்பப்பை நிறையக் கட்டி. மருந்து மாத்திரையெல்லாம் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் தேஜஸ்ரீ, "அதோட ரெண்டு கருக்குழாயையும் எடுத்துறலாங்க்கா. பின்னாடி சினைப்பைக் கேன்சர் வர்ற வாய்ப்பு குறையும்" என்றார்.

விஜயகுமாரி வாயைத் திறப்பதற்குள் அவள் புருசன் பூபாலன் முந்திக்கொண்டான். அவளுக்குத் தலைவலியா என்று கேட்டால்கூடத் தானே பதில் சொல்கிற ஆள் அவன்.

"ஏனுங்க மேடம், சின்னவ பொறந்தப்பவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணி, கொழாயெல்லாம் எடுத்தாச்சுங்க. பதினஞ்சு வருசமாச்சு. இல்லாத கொழாயை எப்படீங்க எடுப்பீங்க?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். யாரும் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

"எந்திரி குமாரி, போலாம். நம்மள ஏமாத்தப் பாக்கறாங்க."

கதவு வரைக்கும் போய்விட்டாள். அங்கே காளியாத்தாள் ஞாபகம் வந்தது. அதே டேபிளில் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள். வயிறு உப்பியபோது வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தே நாலு மாதம் ஓட்டினாள். சினைப்பைக் கேன்சர் என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. சாவதற்கு முன், "யாரையும் ஒரு வார்த்த கேக்காம உட்டுட்டன் கண்ணு" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விஜயகுமாரி திரும்பினாள். "நீங்க செத்த உக்காருங்க மாமா. ஒடம்பு என்னுது, நான் கேட்டுக்கறேன்."

பூபாலன் திகைத்துப்போய் உட்கார்ந்தான்.

"அப்ப கொழாய் உள்ளதான் இருக்குதுங்களா மேடம்?"

"இருக்குதுங்க்கா. கருத்தடையில கொழாயை வெட்டிக் கட்டித்தான் பெரும்பாலும் உடுவாங்க, மிச்சம் உள்ளயேதான் இருக்கும். உங்க ஸ்கேனும் பழைய கருத்தடைச் சீட்டும் பாத்துட்டுத்தான் சொல்றேன். சினைப்பைக் கேன்சர்ல நெறையது அந்தக் கொழாய் நுனியிலதான் ஆரம்பிக்குதுன்னு இப்பத் தெரிய வந்திருக்குது. எப்படியும் கர்ப்பப்பைக்காக ஆபரேஷன் பண்றோம், அப்பவே எடுத்துட்டா நல்லது. வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். வாய்ப்பு நல்லாக் குறையும்."

"அப்பச் சினைப்பையையும் சேத்து எடுத்துருங்களேன்!" காளியாத்தாளை நினைத்து அவசரப்பட்டாள் அவள்.

"உங்க அம்மா, அக்கா தங்கச்சி யாருக்காச்சும் மார்லயோ சினைப்பையிலயோ கேன்சர் வந்திருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப அது இருக்கட்டும். நாப்பத்திநாலு வயசுல எடுத்தா எலும்பு தேயும், இதயத்துக்கும் ஆகாது."

பூபாலன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் தையல் மிஷின் மெக்கானிக். "ஒரு ரிப்பேருக்குன்னு மிஷினைக் கழட்டினா, நாளைக்கு அறுந்துபோற பெல்ட்டையும் மாத்திட்டுத்தான மூடுவீங்க?" என்றாள் அவள். மனுசன் ஆபரேஷன் சம்மதச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினான். பேனாவை எடுத்து அவளிடமே நீட்டினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டிதான், குழாயிலும் ஒரு பழுதுமில்லை. அப்பாடா! விஜயகுமாரி அங்கேயே குலுங்கி அழுதாள். பூபாலன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். டேபிள்காரிகள் சுற்றி நின்று கிசுகிசுப்பாக விசாரித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவேயில்லை.

"ஏன் எடுக்கறீங்க, வேற வழி இருக்குதா, கொழாயை என்ன பண்ணுவீங்க, சினைப்பையை என்ன பண்ணுவீங்கன்னு நாமதான் கேக்கோணும். எவனோ போடற பனியனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறோம். நம்ம ஒடம்புல என்ன இருக்குது, என்ன இல்லீன்னு தெரியாம இருக்கலாமா?"

சாயங்காலம் கூட்டிப்போக வந்த பூபாலனிடம் சூப்பர்வைசர் சாரதாமணி கேட்டாள்: "குமாரிக்கு இப்ப எப்படீங்க இருக்குது? வெயிட் தூக்கலாமுங்களா?"

அவன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, வண்டியைத் துடைக்கக் குனிந்தான்.

"அவ ஒடம்புங்க. அவளையே கேளுங்க."