பிரேக்கை மிதிங்க, அத்தான்!

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் படகு தன் சொந்த விளக்குகள் எரியக் கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் வீட்டோடு இருக்கும். தாண்டாவிட்டால் மீன்கடைக்காரர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். இது கணக்கு வாத்தியாருக்கு அவர் மனைவி வைத்த கெடு. மனைவி பல் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்குவது என்று முடிவு செய்துவிட்டால் அதோடு பேச்சுவார்த்தை நடத்துகிறவர் அல்ல.

படகு வாங்கி ஆறு வருஷம். மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அது பார்த்ததில்லை. ஒரு வருஷம் இன்ஜின் தகராறு, மறுவருஷம் டயர், அதற்கப்புறம் வாத்தியாரின் இடுப்பு. ஷெட் சுவரில் இரண்டு மிதவைச் சட்டைகள் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் தொங்கின. ஒன்று வாத்தியாருக்கு, இன்னொன்று மச்சானுக்கு.

மச்சான் என்றால் டாக்டரம்மாவின் தம்பி, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். போன வாரம், படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரைத் துரு போகத் தேய்த்து, நீலப் பெயிண்ட் மூன்று கோட்டிங் கொடுத்து, முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டிருந்தான். உடைந்து கிடந்த பின்விளக்குகள்தான் பாக்கி. இன்று காலை புதுசு வாங்கி வந்து மாட்டியாயிற்று. காரில் பிளக்கைச் சொருகியாயிற்று. வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். மச்சான் பின்னால் நின்றான். மணி பதினொன்றரை.

"பிரேக்கை மிதிங்க, அத்தான்!"

மிதித்தார்.

"அணைஞ்சு போச்சு!"

"மிதிச்சா எரியணும், மச்சான்!"

"மிதிக்காதப்போ மினுக்கு மினுக்குன்னு எரியுது, மிதிச்சா அதுவும் போயிடுது. சரி, லெஃப்ட் போடுங்க!"

போட்டார்.

"ரெண்டு பக்கமும் சிமிட்டுது!"

"ரைட்டு?"

"அதுக்கும் ரெண்டும்தான்! எதைக் கேட்டாலும் ஆமாங்குது, அத்தான்!"

வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எக்ஸ் என்ன, ஒய் என்ன என்று கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு நாலு வயரில் எது தப்பு என்று தெரியவில்லை. பல்பைக் கழற்றி மாட்டினார்கள். பிளக்கைப் பிடுங்கி ஊதினார்கள். மச்சான் விளக்கை ஒரு தட்டுத் தட்டினான், வாத்தியார் இரண்டு தட்டுத் தட்டினார். இருவருக்கும் சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது. அழவேண்டிய நேரத்தில் சிரிப்பு வருவது அந்த இரண்டு பேருக்கும் உள்ள வியாதி.

இதற்குள் வீட்டு முன்னறையில் இருந்த கிளினிக்கிலிருந்து மீன்கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். போன வாரம் இவர் வாயைப் பிளந்து நாற்காலியில் கிடந்தபோதுதான் டாக்டரம்மா படகுப் பேச்சை எடுத்தார். வாய்க்குள் இரண்டு கருவியோடு கிடக்கும் மனிதர் எப்படி வேண்டாம் என்பார்? இன்று கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப் படகை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். தன் பிக்கப்பைக் கேட்டுக்கு நேராக நிறுத்தியிருந்தார். டிரெய்லரில் கட்ட சொந்த விளக்குப் பலகைகூடக் கொண்டுவந்திருந்தார். மரத்துப் போக ஊசி போட்டாயிற்று. பத்து நிமிஷம் காற்றாட நிற்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மீன்கடைக்காரர் படகைத் தடவிப் பார்த்தார். வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு டாக்டரம்மா ஆளைக் கூப்பிட வெளியே வந்தார். கூப்பிடவில்லை. டிரெய்லர் பக்கம் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"ஏன் மங்கலா எரியுது?"

"அதான் தெரியலக்கா," என்றான் மச்சான்.

அரைகுறை வேலையைக் கண்டால் அந்த அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. வெள்ளைக் கோட்டைச் சுருட்டிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றி விளக்கைப் போட்டார். பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து டிரெய்லருக்கு அடியில் நீட்டினார்.

"இந்த வெள்ளை வயர் எதுக்கு?"

"எர்த், அக்கா. கரண்ட் இரும்பு வழியா திரும்பி வரணும். பழைய ஓட்டையிலயே போல்ட் போட்டு முறுக்கிட்டேன்."

"இரும்பு எங்கடா இருக்கு? ஓட்டைக்குள்ள வரைக்கும் பெயிண்ட்தானே அடிச்சு வெச்சிருக்கே! சுரண்டாம மேல வெச்சு அடைச்சா எந்தப் பல்லுல நிக்கும்?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா... மூணு கோட்டிங்க்கா..."

"போய் அந்தப் பழைய டப்பாவைக் கொண்டா. தூக்கிப் போட வெச்சிருக்கிற, பல்லு சுரண்டற கம்பியெல்லாம் அதுல இருக்கும்."

வாத்தியார் நைசாகக் காருக்குள் ஏறிக்கொண்டார். விளக்கு எரிந்தால் படகு மீன்கடைக்காரருக்குப் போகாது என்பதை இந்த அம்மா மறந்துவிட்டாரா? ஞாபகப்படுத்துவது நியாயம். நியாயம் கிடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

கொரக், கொரக் என்று சத்தம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். மீன்கடைக்காரர் தன் கன்னத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நீலத்தின் நடுவே காசு அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. டாக்டரம்மா ஊதித் துடைத்து, வயரை வைத்து, போல்ட்டைத் தானே முறுக்கினார்.

"மிதிங்க!"

மிதித்தார்.

"எரியுது அத்தான்! அய்யோ, என்னமா எரியுது! லெஃப்ட்! லெஃப்ட்டுன்னா லெஃப்ட்டு மட்டும்! ரைட்! அத்தான், மறுபடி மிதிங்க!" மச்சான் குதித்த குதியில் செருப்பு ஒன்று தனியாகப் பறந்தது.

"மணி பதினொன்னு அம்பத்தி நாலு," என்றார் டாக்டரம்மா. "பிக்கப்பை நகர்த்துங்க."

மீன்கடைக்காரர் ஏதோ சொல்லப் பார்த்தார். மரத்த வாயிலிருந்து "ஆ" என்றுதான் வந்தது. கெடு விவரம் அவருக்கும் தெரியும். கையை விரித்தார், பிறகு பாதி வாயால் சிரித்தார், போய் வண்டியை நகர்த்தினார்.

"மரப்பு ஒரு மணி நேரம் இருக்கும். தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து பிடுங்கிடறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கிளினிக்குக்குள் ஓடி, கையில் ஒரு பையோடு திரும்பி வந்து காரின் முன்சீட்டில் ஏறினார்.

வாத்தியார் கியரில் கை வைத்தபடி கேட்டே விட்டார். "உன் கெடுவை நீயே கெடுத்துட்டியே?"

டாக்டரம்மா பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை உருவினார். மிதவைச் சட்டை. சின்ன அளவு.

"ரெண்டு வருஷமா கிளினிக் பீரோல கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் என்னிக்கு ஏரிக்குப் போறதுன்னு பேசுவீங்க, எப்படிப் போறதுன்னு பேசுவீங்க. ஒரு தடவையாவது 'நீயும் வா'ன்னீங்களா? தினம் ஜன்னல் வழியா படகைப் பாக்கப் பிடிக்கல. அதான் குடுத்துடலாம்னேன்."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தலைகால் புரியவில்லை.

"நாளைக்குக் காலைல வர்றியா?" என்றார். குரல் கீச்சென்று வந்தது.

"முதல்ல கேட்டைத் தாண்டுங்க!"

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் படகு கேட்டைத் தாண்டியது. தெருமுனையில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஆனாலும் வாத்தியார் பிரேக்கை மிதித்தார். காரின் பக்கக் கண்ணாடியில், கேட்டருகே மச்சானும் மீன்கடைக்காரரும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு ஆடுவது தெரிந்தது.

டாக்டரம்மா சட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார், "இன்னொரு தடவை மிதிங்க."