குற்றாலத்துக்குப் போன திரை

1

இந்தக் கதை அருவிக்கரையில் உட்கார்ந்து யோசித்ததல்ல. தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டா நகலெடுக்க வரிசையில் நின்றபோது கிடைத்தது.

[முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சாரல் மெல்லத் தென்காசியைத் தழுவிய ஓர் ஆனி மாதத்து...' அடித்துவிட்டேன். சாரலில் செங்கல் சுமந்தவன் எவனும் அதைத் தழுவல் என்று சொல்லமாட்டான். மண் கரைந்தால் கூலி கிடையாது.]

அந்தக் கடைக் கம்ப்யூட்டருக்கு இரண்டு திரைகள். ஒன்று, டைப் செய்கிற இசக்கிச்செல்விக்கு. மற்றது வந்தவர்கள் பக்கம் திருப்பி வைத்தது. விண்ணப்பத்தை நிரப்பியதும் செல்வி அந்தப் பக்கத்தை எதிர்த் திரைக்குத் தள்ளிவிடுவாள். பெயர், பிறந்த தேதி, இனிஷியல் எல்லாம் சரி என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் அனுப்புவாள். இனிஷியல் மாறிப்போய் வேலையைக் கோட்டைவிட்ட ஆட்கள் இந்தப் பக்கம் ஏராளம். அதனால் வந்த வழக்கம்.

2

எனக்கு முன்னால் ஜெயசித்ரா. குத்துக்கல்வலசைக்காரி. செங்கல் சூளையில் சுமக்கிறாள். விடியுமுன் குளத்துக்கரையில் ஓடிப் பழகுகிறாள். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அடுத்த முறைக்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். காலையெல்லாம் திறக்காத இணையதளம் மதியத்துக்கு மேல்தான் உள்ளே விட்டது. நிரப்பியாயிற்று. பக்கம் எதிர்த் திரைக்குப் போயிற்று. அவள் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி பேப்பர் கட்டு எடுக்க உள்ளே போனாள்.

கடை முதலாளி குற்றாலீஸ்வரன் வந்தார்.

[இவரை நானே நம்பவில்லை. மனிதன் இப்படிச் செய்வானா? நாய்க்கு பிஸ்கட் போடுவார் என்று ஒரு நல்ல குணத்தைச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.]

"தள்ளுட்டி," என்று எதிர்த் திரையின் பின்னால் கைவிட்டு வயர்களைப் பிடுங்கினார்.

"அண்ணாச்சி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்லா!"

"குத்தாலத்துல நம்ம சிப்ஸ் கடைக்கு வேணும். சீசன்ல ஒரு நா போனாலும் போச்சு."

திரையைக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். வயரின் மறுமுனை கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

3

செல்வி திரும்பி வந்தால் பக்கத்தைக் காணோம். திரை போன சங்கதி கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. முதலாளியை நம்பி, இல்லாத இடத்தில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. செல்வியின் திரையில், கீழ்ப்பட்டைக்கு மவுஸ் அம்பைக் கொண்டுபோனால் நகக்கண் அளவில் ஒரு படம் தெரியும். அதற்குள் ஜெயசித்ராவின் போட்டோ. அழுத்தினால் வராது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றார் விஜயசங்கர். ராணுவத்திலிருந்து லீவில் வந்து, வரிசையில் நின்றவர்.

"பண்ணா எல்லாம் போயிரும்ணே. சைட்டு திரும்ப உள்ள விடாது."

"பார்டர்ல நாங்க இப்பிடித்தான் பண்ணுவோம்."

"பார்டர்ல நின்னு விண்ணப்பமா போடுதீய?" என்றாள் ஜெயசித்ரா.*

பிறகு செல்வியிடம் திரும்பினாள். "ஏட்டி, அந்தத் திரையக் கொண்டாந்து மாட்டுனா வருமா, வராதா?"

"வரும்க்கா. வரணும். ஆனா ரொம்ப நேரம் சும்மா கிடந்தா சைட்டே வெளிய தள்ளிரும்."

"அப்பம் நீ எதையாவது ஆட்டிக்கிட்டே இரு."

வரிசை சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, வண்டி வச்சிருக்கியளா?"

* கீபோர்டில் ஆல்ட், ஸ்பேஸ், எம், அப்புறம் அம்புக்குறி அழுத்தினால் பக்கம் செல்வியின் திரைக்கே வந்திருக்கும் என்று எனக்கு எழுதப்போகும் அறிவாளிகளே, தெரியும். செல்வியின் திரையைக் கழற்றி அந்த வயரில் மாட்டியிருக்கலாமே என்பவர்களே, அதுவும் தெரியும். இப்போது தெரியும். அன்று அந்தக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றோம். எல்லோரிடமும் வாய் மட்டும்தான் இருந்தது.

4

குற்றாலத்தில் வெள்ளம். குளிக்கத் தடை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அருவி இரைகிறது. இந்தப் பக்கம், சிப்ஸ் கடை வாசலில், அந்தத் திரையில் போன வருடத்து அருவி ஓடுகிறது. நனையாத துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் அதை வாய்பிளந்து பார்க்கிறது.

[இதில் ஆழ்ந்த பொருள் தேடுபவர்கள் தேடிக்கொள்ளலாம். சிப்ஸ் விற்றது, அவ்வளவுதான்.]

ஜெயசித்ரா நேரே போய் வயரை உருவினாள்.

"ஏட்டி, தொடாத! யாவாரம் கெட்டுரும்!" என்று பாய்ந்து வந்தார் குற்றாலீஸ்வரன்.

"எனக்கு இது வேணும் அண்ணாச்சி. என் விண்ணப்பம் இதுலதான் நிக்கி."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? சீசன் நேரம்!"

"சீசன் ஒமக்கு அடுத்த வருசமும் வரும். எனக்கு வயசு வராது."

துப்பட்டாவில் திரையைச் சுற்றி, மடியில் அணைத்து, என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சாரல். திரை நனையாமல் குனிந்துகொண்டாள், அவள் நனைந்தாள்.

5

முடிவு ஒன்று: பக்கம் வந்தது, அனுப்பினாள், பிற்பாடு காக்கிச்சட்டையில் நின்று குற்றாலீஸ்வரனின் ஆட்டோவை மறித்தாள். படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். எனக்குக் குமட்டும்.

முடிவு இரண்டு: சைட் வெளியே தள்ளியிருந்தது. மறுநாள் சூளைக்குப் போனாள். இதற்குப் பரிசே கொடுப்பார்கள். சுமக்கிறவள் தோற்றால்தான் சிலருக்கு அது இலக்கியம்.

முடிவு மூன்று: குற்றாலீஸ்வரன் மனம் வருந்தி... இல்லை. அவர் வருந்தவில்லை.

எழுதமாட்டேன். கடைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறேன். செல்வி இன்னும் மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். விஜயசங்கர் இன்னும் ஆஃப் பண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரை மேசையில் இருக்கிறது. ஜெயசித்ராவின் கை சொட்டச் சொட்ட ஈரம். வயரைத் தொடத் தயங்குகிறாள். என் கையும் ஈரம்.

இவ்வளவு நேரமும் எங்கள் வரிசையில் நின்று, இதைப் படித்து வேடிக்கை பார்த்த உங்கள் கை காய்ந்துதான் இருக்கிறது. வாங்க. சொருகுங்க.